எங்க எம்.எல்.ஏ.வுக்கும் மத்த 233 பேருக்கும்: கட்சி கருத்து தெரியும், உங்க கருத்து என்ன?

வணக்கம்.

எங்க தொகுதி எம்.எல்.ஏ. பேர வேணும்னேதான் போடல. போட்டா எந்தக் கட்சின்னு பாத்துட்டு பாதிப் பேரு படிக்காமலே சண்டைக்கு வருவாங்க, மீதிப் பேரு படிக்காமலே ஷேர் பண்ணுவாங்க. அதனால 234 பேருக்கும் சேத்தே எழுதிடுறேன், அவருக்கு எழுதினதுன்னு அவருக்கே தெரியும்.

உங்க பிரமாணப் பத்திரத்த முழுசா படிச்ச ஆள் நான். உங்க பேர்ல எத்தன ஏக்கர், வீட்டம்மா பேர்ல எத்தன பவுன், பேங்க்ல எவ்வளவு கடன், மறியல் கேஸ் எத்தன, எல்லாம் தெரியும். சுப்ரீம் கோர்ட் சொல்லித்தான் 2003ல இருந்து வேட்பாளர்கள் இதையெல்லாம் குடுக்கறாங்க, நல்ல விஷயம். ஆனா வரி பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க, ஆஸ்பத்திரி பத்தி என்ன நெனைக்கிறீங்க, ஒரு மனுஷன போலீஸும் பக்கத்துத் தெருக்காரனும் எப்படி நடத்தணும்னு நெனைக்கிறீங்கங்கிறது மட்டும் எந்தப் பேப்பர்லயும் இல்ல. கட்சியோட கருத்து தெரியும், அது தேர்தல் அறிக்கைலயே வண்டி வண்டியா இருக்கு. நான் கேக்கறது உங்க கருத்த.

சட்டசபைல நீங்க பேசின வீடியோவும் பாத்தேன். மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்க சபைகிட்ட கேக்கறது) மேல பேச எந்திரிச்சு தலைவருக்கு வாழ்த்து, அமைச்சருக்கு வாழ்த்து, பேச வாய்ப்பு குடுத்த கொறடாவுக்கு நன்றி, ஒரு குறள், அப்புறம் தொகுதிக்கு ஒரு பஸ் ஸ்டாண்ட், ஒரு தடுப்பணை, ரெண்டு உயர்நிலைப் பள்ளிய மேல்நிலையா ஆக்கணும்னு கேட்டுட்டு உக்காந்துட்டீங்க. அமைச்சர் "பரிசீலிக்கப்படும்"னாரு. அப்புறம் குரல் வாக்கெடுப்பு, ஆம்னு ஒரு சத்தம், அவ்வளவு கோடி ரூபா நிறைவேறிடுச்சு. அந்த சத்தத்துல உங்க குரல் எதுன்னு கண்டுபிடிக்க முடியல.

கொறடா (சபைல எப்படி ஓட்டு போடணும்னு கட்சிக்காரங்களுக்கு உத்தரவு போடறவர்) சொன்னத மீறி ஓட்டு போட்டா பதவி போயிடும், 1985ல வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்படின்னு சொல்லுவீங்க. ஒத்துக்கறேன். அந்த சட்டம் குதிரை பேரத்த தடுக்க வந்துச்சு, கடைசில வாயையும் சேத்து கட்டிடுச்சு. ஆனா கேள்வி நேரத்துல ஒரு கேள்வி கேட்டதுக்காக அந்த சட்டத்துல யாரு பதவியும் போனதில்ல. கேட்ட பணத்த கொறைக்கச் சொல்ற வெட்டுத் தீர்மானம் எதிர்க்கட்சிக்காரங்க குடுக்கலாம், அவசர விஷயத்துக்கு அமைச்சர்கிட்ட பதில் கேக்கற கவன ஈர்ப்பு யாரு வேணா குடுக்கலாம், அமைச்சரா இல்லாத உறுப்பினர் கொண்டுவர்ற தனிநபர் மசோதான்னு ஒண்ணு விதில இன்னமும் இருக்கு. அதெல்லாம் ஒப்புக்கு இருக்குன்னு நெனைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், எம்.பி. திருச்சி சிவா 2015ல மாநிலங்களவைல திருநர் உரிமைக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்து நிறைவேத்தினாரு, அந்த மாதிரி ஒண்ணு பாஸ் ஆகி அப்போ 45 வருஷம் ஆகியிருந்துச்சு.

இன்னும் பின்னாடி போனா நீங்க உக்காந்திருக்கற சபைக்கு ஒரு கதை இருக்கு. அத உங்கள்ல எத்தன பேருக்கு யாரும் சொல்லியிருப்பாங்கன்னு தெரியல, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

1937ல ராஜாஜி மெட்ராஸ் பிரதமரா வந்ததும் (அப்போ முதலமைச்சர அப்படித்தான் கூப்பிட்டாங்க) அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டுவந்தாரு. கள்ளு, சாராய வருமானம் போச்சுன்னா கஜானாவுல ஓட்ட விழும், அத எப்படி அடைக்கறதுன்னு யோசிச்சு 1939ல பொது விற்பனை வரிச் சட்டம் போட்டாரு. இந்தியாவுலயே அந்த மாதிரி மொத சட்டம் அதுதான். வியாபாரிங்க கொதிச்சாங்க, ஆனாலும் போட்டாரு. அதே 1939லதான் மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்துச்சு, அதுவும் நாட்டுல மொதல்ல நம்மகிட்டதான். குடிதண்ணி, சாக்கடை, தொத்து நோய் எல்லாத்துக்கும் உள்ளாட்சிக்கு என்ன கடமைன்னு எழுதி வச்ச சட்டம், கொரோனா காலத்துல கூட நம்ம அரசு அதையும் கையில எடுத்துச்சு. அதே வருஷம் ஜூலை 8ஆம் தேதி மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்கள கூட்டிக்கிட்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள போனாரு, அவங்க மேல கேஸ் போடாம இருக்க கோயில் நுழைவுச் சட்டமும் வந்துச்சு.

ஒரே சபை, ஒரே வருஷம். வரி, சுகாதாரம், உரிமை, மூணும். இதே ராஜாஜி அரசுதான் இந்தி மொழிய திணிச்சு, எதிர்த்தவங்கள கூட்டம் கூட்டமா ஜெயில்ல போட்டுச்சு, அத யாரும் மறக்க வேணாம், நானும் மறக்கல. அவருக்கு செல வைக்க சொல்லி இத எழுதல.

எனக்கு இந்தக் கதைல முக்கியமான ஆள் ராஜாஜி இல்ல, எம்.சி. ராஜா. தாழ்த்தப்பட்ட மக்களோட தலைவர், ஆளுங்கட்சிக்காரர் கிடையாது. 1938ல பொது ரோடு, கிணறு, குளம் இதுலயெல்லாம் தீண்டாமை கூடாதுன்னு ஒரு மசோதாவ தனி ஆளா கொண்டுவந்து சட்டமாக்கினாரு. அதோட விடல, கோயில் நுழைவுக்கும் ஒரு மசோதா கொண்டுவந்தாரு. "இப்ப வேணாம், வாபஸ் வாங்கிக்கோங்க"ன்னு அரசாங்கம் சொல்லிச்சு. அவர் வாங்கல. ஓட்டுக்கு விட்டாங்க, பெரிய வித்தியாசத்துல தோத்தாரு. அடுத்த வருஷமே அதே சபை கோயில் நுழைவுச் சட்டத்த நிறைவேத்த வேண்டியதாச்சு. அவருக்கு முன்னாடி இதே மெட்ராஸ் கவுன்சில்ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இருந்தாங்க, 1926ல நியமனம் ஆனவங்க, தேவதாசி முறைய ஒழிக்கணும்னு பேச ஆரம்பிச்சப்ப என்னவெல்லாம் ஏச்சு வாங்கினாங்கன்னு படிச்சா நமக்கே கூசும். முழுசா சட்டம் ஆக 1947 ஆச்சு. இன்னைக்கு கர்ப்பிணிங்களுக்கு 18,000 ரூபா தர்ற திட்டத்துக்கு அவங்க பேர்தான், எத்தன எம்.எல்.ஏ. ஆபீஸ்ல அவங்க யாருன்னு தெரியும்னு ஒரு நாள் கேட்டுப் பாக்கணும்.

சரி இப்ப வரிக்கு வரேன். சாராயக் காசு வேணாம்னு கண்டுபிடிச்ச விற்பனை வரிய இன்னைக்கு சாராயத்து மேலயே போட்டு வாங்கிக்கிட்டு இருக்கோம். 2023-24ல டாஸ்மாக் மூலமா வந்த வாட், ஆயத்தீர்வை ரெண்டும் சேந்து 45,000 கோடிக்கு மேல, மாநிலத்தோட சொந்த வரி வருமானத்துல நாலுல ஒரு பங்குக்கும் கூட. 1983ல எம்.ஜி.ஆர். காலத்துல டாஸ்மாக் ஆரம்பிச்சாங்க, 2003ல ஜெயலலிதா காலத்துல சில்லறைக் கடையும் அரசாங்கத்துக்கிட்டயே வந்துச்சு, அதுக்கப்புறம் யாரு வந்தாலும் ஐநூறு கடைய மூடுறோம்னு ஒரு அறிவிப்பு, வருமானம் மட்டும் பெருசா கொறையவே இல்ல. மதுவிலக்கு வந்தா எல்லாம் சரியாயிடும்னு நம்பற ஆள் நான் இல்ல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல அறுபது பேருக்கு மேல செத்தாங்களே, அவங்க குடிச்சது டாஸ்மாக் சரக்கு இல்ல, மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம். ஏன் பாக்கெட்? ஒரு நாள் கூலில குவாட்டர் கட்டுப்படி ஆகல, பாக்கெட் அதுல பாதி வெல. அப்போ சரக்கு மேல எவ்வளவு வரி போடறோம்ங்கிறது நிதித்துறை சமாச்சாரம் மட்டுமில்ல, யாரு உசுரோட இருப்பாங்கங்கிற சமாச்சாரமும்தான். ஏத்தினா கள்ளச்சாராயத்துக்குப் போவான், எறக்கினா இன்னும் குடிப்பான். கஷ்டமான கேள்விதான். அதனாலதான் உங்க கருத்து எனக்கு வேணும். அந்த மாசமே மதுவிலக்குச் சட்டத்த திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் ஏத்தினீங்க, யாராவது ஒருத்தர் எந்திரிச்சு "இந்த வருமானத்த நம்பாம பத்து வருஷத்துல எப்படி வெளிய வரலாம்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க"ன்னு நிதி அமைச்சர கேட்டிருக்கலாம்.

மத்த வரியெல்லாம் கேட்டா உடனே டெல்லிய காட்டுவீங்க. ஒரு ரூபா குடுத்தா 29 பைசாதான் திரும்பி வருதுங்கிறதுல எனக்கும் கோவம்தான், ஜி.எஸ்.டி.யால வந்த நஷ்டத்துக்கு டெல்லி குடுத்த இழப்பீடும் 2022 ஜூனோட நின்னு போச்சு. ஆனா உங்க கையில இருக்கறதும் கொஞ்சநஞ்சம் இல்லையே. பெட்ரோல்ல 13 சதவீதம், அதுக்கு மேல லிட்டருக்கு 11 ரூபா 52 காசுன்னு வாட் போடறது நம்ம மாநிலம். பத்திரப் பதிவுல 9 சதவீதம் வாங்கறது நம்ம மாநிலம், இடம் வாங்கினவன் பதிவுக்கே நகைய அடகு வைக்கறான். 2022 ஏப்ரல்ல சொத்து வரிய 25 சதவீதத்துல இருந்து 150 சதவீதம் வரைக்கும் ஏத்தினது நம்ம மாநிலம்.

சொத்து வரின்னதும் எங்க தெருவுல நடந்தத சொல்லணும். எங்க நகராட்சி எதுன்னு சொல்லல. வரி ரசீதுல நூலக வரி தனியா, குப்பைக்கு தனியா, பாதாள சாக்கடைக்கு தனியான்னு பைசா சுத்தமா போட்டு வாங்கறாங்க, ஒரு நாள் லேட்டானா வீட்டு வாசல்ல ஆள் வந்து நிக்கறாங்க. போன மழைக்கு எங்க தெரு மேன்ஹோல் பொங்கி எதுத்த வீட்டுப் படிக்கட்டு வரைக்கும் வந்துடுச்சு. போன் மேல போன் போட்டு ஒரு வழியா சாயந்திரம் வண்டி வந்துச்சு. ஜெட்டிங் மிஷின் அடிச்சுப் பாத்தாங்க, அடைப்பு எடுபடல. வந்தவங்க ரெண்டு பேரு, ஒருத்தர் கையில மூங்கில் பிளாச்சு, இன்னொருத்தர் சட்டைய கழட்டிட்டு துண்ட தலைல கட்டறாரு, எதுக்கு கட்டறாருன்னு பாத்தா எறங்கப் போறாரு. க்ளவுஸ் இல்ல, மாஸ்க் இல்ல. தெருக்காரங்க நாங்க சத்தம் போட்டோம், எறங்காதீங்கண்ணேன்னு. அவர் எங்கள திருப்பிக் கேட்டாரு, "எறங்கலன்னா நாளைக்கு என்னை வேலைக்கு கூப்பிட மாட்டான் காண்ட்ராக்டர், நீங்க கூப்பிடுவீங்களா?" யாருக்கும் வாய் வரல. கடைசில இன்னொரு வண்டி வர வச்சு ராத்திரிதான் எடுத்தாங்க.

இதுல எது வரி, எது சுகாதாரம், எது உரிமைன்னு பிரிச்சு சொல்லுங்க பாப்போம். 2013லயே சட்டம் இருக்கு, பாதுகாப்பு கருவி இல்லாம மனுஷன எறக்கினா குத்தம். 2014ல சுப்ரீம் கோர்ட் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு சொல்லிச்சு, 2023 அக்டோபர்ல அத 30 லட்சமா ஆக்கிச்சு. சாக்கடைல எறங்கி செத்தவங்க கணக்குல நாட்டுலயே முன்னாடி நிக்கறது தமிழ்நாடுன்னு நாடாளுமன்றத்துலயே பதில் குடுத்திருக்காங்க. நம்ம பெரியார் மண்ணு, சமூகநீதி மண்ணு, அந்த மண்ணுக்கு அடில நடக்கறது இது. 30 லட்சம் குடுக்கறதுக்கு பதிலா அந்தக் காசுல மிஷின் வாங்குங்கன்னு சொன்னா "வாங்கிட்டோம்"னு சொல்றாங்க, வாங்கின மிஷின் எந்த ஷெட்ல நிக்குதுன்னு ஒரு உறுப்பினர் கேட்டா போதும், தேதி போட்டு பதில் சொல்லித்தான் ஆகணும்.

சுகாதாரத்துல நம்ம மாநிலத்த குறை சொல்ல எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. 2020 கணக்குல ஆயிரம் குழந்தை பொறந்தா நாட்டு சராசரி 28 இறப்பு, நம்மகிட்ட 13. மருந்து வாங்க 1994ல அரசு ஆரம்பிச்ச மருத்துவப் பணிகள் கழகம் இருக்கே, அத பாத்து காப்பியடிச்ச மாநிலங்கள் எத்தனையோ. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல வந்த திட்டத்துல எங்க அம்மாவுக்கு பி.பி. பாக்க வீட்டுக்கே ஒரு அக்கா வராங்க, திண்ணைல உக்காந்து பட்டைய கையில சுத்தி, போன தடவ எவ்வளவு இருந்துச்சுன்னு நோட்ட புரட்டி, "ஊறுகாய விட்டீங்களா இல்லையா"ன்னு அதட்டிட்டு மாத்திரைய எண்ணிக் குடுத்துட்டுப் போறாங்க, எங்க அம்மா என் பேச்ச கேக்காது அந்த அக்கா பேச்ச கேக்கும். அந்த அக்காவுக்கு வர்ற பணத்துக்கு சம்பளம்னு கூட பேர் இல்ல, ஊக்கத்தொகை. 2015ல மாசம் 7,700 ரூபாய்க்கு, ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொல்லி எடுத்த ஒப்பந்த நர்ஸுங்க இத்தன வருஷமா தெருவுக்கு வந்து வந்து போயிட்டு இருக்காங்க, நடுவுல ஒரு கொரோனாவே வந்துட்டுப் போச்சு, அப்போ மேஜைய தட்டி கைதட்டினவங்க நீங்கதான். ஐ.நா. விருது வாங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு ஆள் சம்பளம் மட்டும் இப்படியே இருக்கலாமான்னு உங்க கருத்து என்ன?

உரிமை. இதுல வேங்கைவயல் ஒண்ண மட்டும் எடுத்துக்கறேன், சாத்தான்குளம் போலீஸ் கொடுமை, ஆணவக்கொலைக்கு தனிச்சட்டம்னு பேச நிறைய இருக்கு, ஒவ்வொண்ணும் தனி மடல் கேக்கும். 2022 டிசம்பர், புதுக்கோட்டை மாவட்டம். குழந்தைங்களுக்கு வாந்தி பேதி, ஆஸ்பத்திரில "தண்ணிய பாருங்க"ன்னு சொன்னாங்க. மேல ஏறிப் பாத்தா தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கற மேல்நிலைத் தொட்டில மனுஷ மலம். கலெக்டர் போனப்ப பக்கத்துல டீக்கடைல ரெட்டை டம்ளரும், கோயிலுக்குள்ள விடாததும் சேந்து வெளிய வந்துச்சு. குற்றப்பத்திரிகை வர 2025 ஜனவரி ஆச்சு, அதுல அந்தத் தெருக்காரங்க மூணு பேரையே சி.பி.சி.ஐ.டி. குத்தவாளின்னு சொன்னாங்க, அந்த மக்களும் பல கட்சிகளும் ஏத்துக்கல. யாரு செஞ்சாங்கன்னு தீர்ப்பு சொல்ற வேல எனக்கு வேணாம், கோர்ட் பாத்துக்கும். 1938ல எம்.சி. ராஜா கிணத்துக்காக சட்டம் போட்ட அதே சபை இது. குடிதண்ணில நடந்த குத்தத்துக்கு ரெண்டு வருஷம் ஏன் ஆச்சுன்னு உங்க தொகுதி புதுக்கோட்டைல இல்லன்னாலும் கேக்கலாம். உங்க தொகுதில எத்தன டீக்கடைல பெஞ்சும் டம்ளரும் எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும், ஓட்டு கேக்கப் போனப்ப எந்தத் தெருவுல டீ குடிச்சீங்க எந்தத் தெருவுல "அவசரம்"னு கெளம்பினீங்கன்னு எங்களுக்கும் தெரியும்.

இன்னொண்ணு. 2025 ஆகஸ்ட்ல சென்னை மாநகராட்சி ஆபீஸ் இருக்கற ரிப்பன் மாளிகை வாசல்ல துப்புரவுப் பணியாளர்கள் பதிமூணு நாள் உக்காந்தாங்க, நிறைய பேரு பொம்பளைங்க. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்துல வேலைய தனியார்கிட்ட குடுக்காதீங்க, எங்கள நிரந்தரம் பண்ணுங்கன்னு கேட்டாங்க. ஐகோர்ட் உத்தரவ காட்டி நடுராத்திரில குண்டுகட்டா தூக்கிட்டுப் போனாங்க. மறுநாளே அவங்களுக்கு இலவச காலை உணவு, இன்சூரன்ஸ்னு திட்டங்கள் அறிவிச்சாங்க. வேலைய நிரந்தரமாக்குன்னு கேட்டவங்களுக்கு இட்லி. சாப்பாடு போடறது தப்புன்னு சொல்லல, நல்லா போடுங்க, ஆனா கேட்டது வேற. அன்னைக்கு ஆளுங்கட்சில இருந்தவங்க வாய தொறக்கல, எதிர்க்கட்சில இருந்தவங்க நாலு நாள் பேட்டி குடுத்தாங்க, அவங்க ஆட்சிலயும் சென்னைல குப்பை தனியார்கிட்ட போன வரலாறு இருக்குங்கிறத வசதியா விட்டுட்டாங்க.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. சரக்கு வரிய பத்தி, ஒப்பந்த நர்ஸுங்கள பத்தி, சாக்கடைல ஆள் எறங்கறத பத்தி உங்க சொந்தப் பேர்ல ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வெளியிடுங்க. கட்சித் தலைமை கோவிச்சுக்கும்னா கருத்தா எழுத வேணாம், கேள்வியா எழுதி அடுத்த கூட்டத்தொடருக்கு பேரவைச் செயலகத்துக்கு அனுப்புங்க. வருஷத்துக்கு 3 கோடி தொகுதி நிதி வருதே, அதுல ஹைமாஸ் லைட்டும் நிழற்குடையும் போக இந்த வருஷம் எங்க நகராட்சிக்கு ஒரு நல்ல அடைப்பெடுக்கற மிஷினுக்கும் அத ஓட்டறவங்களுக்கு பாதுகாப்பு உடைக்கும் விதில வழி இருக்கான்னு கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க, இருந்தா குடுங்க, இல்லன்னா இல்லன்னு எழுத்துல வாங்கிக் குடுங்க, அந்த விதிய மாத்த நாங்க உங்ககூட வரோம்.

எங்க எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் கடைசியா: திங்கக்கிழமை உங்க ஆபீஸ்ல மனு வாங்கற நாள்னு போர்டு இருக்கு. இந்த மடல பிரிண்ட் எடுத்துக்கிட்டு எங்க தெருக்காரங்களோட வரேன். பி.ஏ. வாங்கி வச்சுட்டு "அண்ணன் சென்னைல இருக்காரு"ன்னு சொன்னா அடுத்த திங்கக்கிழமையும் வருவோம்.